பம்பாய் பிளேக் வரைந்த வளைகோடு

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்டவியில் பிளேக் தலைகாட்டியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் இரவுபகலாக உழைத்து அதற்குத் தடுப்பூசி கண்டுபிடித்த ஹாஃப்கின், 1897 ஜனவரி 10-ஆம் தேதி முதல் ஊசியைத் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார்.

பிளேக் பரவ இடம்கொடுத்த நெரிசலைக் குறைக்க 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது. பின்னாளில் தமிழர்கள் திரளாகக் குடியேறிய மாட்டுங்கா, அது போட்ட திட்டத்தில் எழுந்ததுதான்.

பிளேக் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்தது. 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரையிலான வாராந்திரச் சாவுக் கணக்கைப் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள்: மெல்ல ஏறி, வாரத்துக்கு 900-ஐ நெருங்கி, அதே வேகத்தில் சரிகிறது. கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927-இல் அந்தப் புள்ளிகளின் மேல் ஒரு சமன்பாட்டைப் பொருத்தினார்கள். மெக்கென்ட்ரிக் இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர். கெர்மாக், ஆய்வக விபத்தில் பார்வை இழந்தவர். எல்லோரையும் தொற்றித் தீர்த்த பிறகே கொள்ளைநோய் ஓயும் என்பதில்லை. எதிர்ப்புசக்தி இல்லாதவர்கள் ஓர் அளவுக்குக் கீழே குறைந்ததுமே அடங்கிவிடும் என்று காட்டினார்கள். எலியையும் தெள்ளுப்பூச்சியையும் அந்தச் சமன்பாடு கணக்கில் எடுக்கவில்லை என்பது உண்மையான குறை. ஆனாலும் கோவிட் காலத்தில் உலகம் போட்ட கணக்குகளில் பலவற்றுக்கு அதுவே அடித்தளம்.

2020 ஏப்ரலில் அதே நகரின் தாராவிக் குடிசைப் பகுதிக்குள் கோவிட் நுழைந்தது. அந்த ஜூலையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் மாநகராட்சியும் மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் வார்டுகளில் ரத்தம் எடுத்துச் சோதித்தன. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். நெரிசலில் வாழும் மக்களே இம்முறையும் முதலில் நோயைச் சுமந்தார்கள்.