நிலைகுலையும் நொடி

1876-ல் சாமுராய்களின் இடுப்பிலிருந்து வாள் இறங்கியது. பொது இடத்தில் வாள் தரிக்கக் கூடாது என்று ஜப்பானின் மெய்ஜி அரசு உத்தரவு போட்டுவிட்டது. வெறுங்கையால் எதிரியை வீழ்த்த அவர்கள் பழகி வைத்திருந்த ஜுஜுட்சுவுக்கும் அந்தக் காலத்தில் மதிப்பு போயிற்று. தலைமுறை தலைமுறையாக அதைக் கற்றுக்கொடுத்த ஆசான்கள் பலர், வயிற்றுப்பாட்டுக்கு எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வைத்தியர்களின் வாசலைத் தேடி டோக்கியோ தெருக்களில் அலைந்தான் ஒரு மாணவன். பெயர் கனோ ஜிகோரோ. 1860-ல், இன்றைய கோபே நகரைச் சேர்ந்த மிக்காகேயில், சாக்கே மது காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவன். படிப்பில் சூரன், உடம்போ நோஞ்சான். பள்ளியில் முரட்டுப் பையன்களிடம் பட்ட அவமானம் ஆறவில்லை. எலும்புக்குக் கட்டுப்போடுகிறவருக்கு ஜுஜுட்சு தெரிந்திருக்கும் என்பது அவன் கணக்கு. கணக்கு தப்பவில்லை. அப்படிப்பட்ட ஒரு வைத்தியர் காட்டிய வழியில், 1877-ல் ஃபுகுடா ஹச்சினோசுகே என்ற ஆசானிடம் போய்ச் சேர்ந்தான்.

ஆசான் அவனைத் தூக்கி எறிந்தார். கையை எங்கே வைத்தீர்கள், காலை எப்படித் திருப்பினீர்கள் என்று கேட்டான். வா என்று கூப்பிட்டு, மறுபடியும் எறிந்தார். கேட்கக் கேட்க எறிதான் பதிலாக வந்தது. விழுந்து விழுந்து உடம்பே புரிந்துகொள்ள வேண்டும் என்பது பழைய முறை. பிளாஸ்திரியும் களிம்புமாகத் திரிந்தவனை நண்பர்கள் கேலி செய்தார்கள். ஆனாலும் அவன் கேள்வியை விடவில்லை. என்னைக் கேட்டால், ஜூடோ பிறந்தது அந்தக் கேள்வியில்தான்.

அதே கூடத்தில் ஃபுகுஷிமா என்றொரு மூத்த மாணவர். மலை போன்ற உடம்பு. கனோவால் அவரை அசைக்க முடியவில்லை. சுமோ மல்லரிடம் பிடிகள் கேட்டுப் பார்த்தான், சரிப்படவில்லை. கடைசியில் நூலகத்தில் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டி ஒரு பிடியைக் கண்டெடுத்தான். எதிராளியின் இடுப்புக்குக் கீழே குனிந்து புகுந்து, மூட்டையைப் போலத் தோளில் ஏற்றிச் சுழற்றி இறக்கும் பிடி. ஃபுகுஷிமா விழுந்தார். இன்றும் ஜூடோவில் ‘கத்தா குருமா’ என்ற பெயரில் இருக்கிறது அது. தோள் சக்கரம் என்று பொருள்.

ஃபுகுடா 1879-ல் காலமானார். அடுத்த ஆசானும் இறந்தபின், கிட்டோ என்ற ஜுஜுட்சு மரபைச் சேர்ந்த இக்குபோ ட்சுனெதோஷியிடம் கனோ சேர்ந்தார். 1882-ல், 22 வயதுக்குள், எய்ஷோஜி என்ற பௌத்தக் கோயிலில் 12 தத்தாமி பாய் விரித்த இடத்தில் சொந்தப் பள்ளி தொடங்கினார். அதுதான் கோடோகன். முதல் ஆண்டில் மாணவர் 9 பேர். ‘ஜுட்சு’ என்றால் வித்தை, ‘டோ’ என்றால் நெறி. பெயரின் பின்பாதியை மாற்றி ஜூடோ என்றார். மாணவர்கள் விழுகிற அதிர்ச்சியில் கோயில் தரை விரிசல் விட, மெழுகுவத்தியோடு தரைக்கடியில் தவழ்ந்து போய்த் தாங்குகட்டைகளைப் பழுதுபார்த்தவரும் இந்தப் பட்டதாரி ஆசான்தான்.

ஐம்பது கடந்திருந்தும் இக்குபோதான் எப்போதும் எறிவார், கனோ விழுவார். 1885 வாக்கில் ஒருநாள் அது தலைகீழாயிற்று. கனோ எறிந்த எறியெல்லாம் பலித்தது. ஆசான் வியந்து காரணம் கேட்டார். கனோ அதற்குள் ஒன்றைக் கவனித்திருந்தார். தள்ளினால் எதிராளி திருப்பித் தள்ளுவான். அந்த நேரம் எதிர்க்காமல் இழுத்துவிட்டால், அவன் பாரமெல்லாம் முன்கால் விரல்களுக்கு வந்துவிடும். குதிகால் தரையை விடுகிற அந்த நொடியில் அவனைச் சாய்க்கப் பெரிய பலம் வேண்டியதில்லை. முதலில் நிலைகுலைய வை, பிறகு எறி. ‘குசுஷி’ என்று ஜூடோக்காரர்கள் இன்று முதல் பாடமாகப் படிப்பது இதைத்தான்.

கேட்டு முடித்த இக்குபோ, இனி உனக்குக் கற்றுத்தர என்னிடம் எதுவும் இல்லை, உன் மாணவர்களோடு சேர்ந்து நீயே மேலே ஆராய்ந்து பார் என்றார். அதன்பின் அவர் கனோவோடு மோதிப் பழகவில்லை.

(தொடரும்)