கல்லும் கள்ளியும்: எல்லை வழக்கில் அயலார் சான்று

செப்பேடுகளை ஆராய்ந்த அறிஞர்கள் அவற்றின் முற்பகுதியில் அமைந்த அரச மரபு வரிசைக்கும் போர்ச் செய்திகளுக்கும் மிகுதியும் இடமளித்துள்ளனர். அரசியல் வரலாறு முறைப்பட எழுதப்பெறாதிருந்த காலத்தில் அது வேண்டற்பாலதே. ஆயின், ஒரு செப்பேட்டினைப் பெற்றவனுக்கு அதன் உயிர்நிலை அரசனின் குலமுறையன்று. நிலத்தின் எல்லை கூறும் பகுதியே. ஆனைமங்கலச் செப்பேடுகள் எனவும் பெரிய இலெய்டன் செப்பேடுகள் எனவும் வழங்கும் தொகுதியில் ஏடுகள் 21. அவற்றுள் 5 வடமொழியில் அமைந்தவை. எஞ்சிய 16 தமிழில் அமைந்தவை. புகழ் கூறுதற்கு வடமொழியும், வரப்பும் வாய்க்காலும் கூறுதற்குத் தமிழும் வேண்டப்பட்டன. வரப்பின் மறுபுறத்தில் நிற்பவன் அறியவேண்டிய செய்தி அவன் மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

நிலத்தால் அடுத்தடுத்து வாழ்வோரிடையே எழும் எல்லை வழக்கினைத் தமிழகத்தார் எவ்வெச் சான்றுகளால் தீர்த்தனர், அச்சான்றுகளுள் அயலார் பெற்ற இடம் யாது, பிற்கால அளவைச் சட்டங்களில் அவ்விடம் என்னாயிற்று என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்பொருள்

நிலவெல்லையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் வரம்பு என்பது சிறப்பாக நோக்கத்தக்கது. வயலில் நீரைத் தேக்கும் சிறு கரையே வரம்பு. இன்றைய உழவர் வழக்கில் அது வரப்பு என நிற்கின்றது. ஒழுக்கத்தின் அளவையும் பேச்சின் அளவையும் குறிக்க அச்சொல்லையே ஆள்கின்றோம். 'வரம்பு மீறினான்' என்னுமிடத்து, அயலான் வயலுள் அடியெடுத்து வைத்தவனது செயலே அறமின்மைக்கு உவமையாய் நிற்றல் காண்க.

சாமந்தன் என்னும் வடசொல்லும் ஈண்டுக் கருதற்குரியது. கல்வெட்டுகளில் இது பேரரசனுக்கு அடங்கிய குறுநில மன்னனைக் குறிக்கும். ஆயின் அதன் மூலப்பொருள் எல்லையை ஒட்டி வாழ்பவன் என்பதே. மனு நூலின் எட்டாம் அத்தியாயத்தில் எல்லை வழக்கு தனித்ததொரு வழக்கு வகையாகக் கூறப்படுகின்றது. வயல், கிணறு, குளம், தோட்டம், வீடு ஆகியவற்றின் எல்லை, அடுத்திருப்போராகிய சாமந்தரின் சான்றினாலேயே முடிவு செய்யப்படல் வேண்டும் என அந்நூல் விதிக்கின்றது. மேலும் சாம்பல், உமி, ஓடு, கரி, செங்கல் போன்ற மண்ணில் அழியாப் பொருள்களை எல்லையில் மறைவாகப் புதைக்குமாறும் கூறுகின்றது. மேலே நின்ற அடையாளத்தை ஒருவன் பெயர்த்தாலும் கீழே உள்ளது காட்டிக் கொடுக்கும் என்பது கருத்து. எல்லைக்கல்லைப் பெயர்த்தல் நூலோர் எதிர்பார்த்ததொரு குற்றம் என்பது இதனால் விளங்கும்.

2. மூவகைச் சான்று

பன்னிரண்டாம் நூற்றாண்டினரான சேக்கிழார், தடுத்தாட்கொண்ட புராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையில் நிகழ்ந்த வழக்கொன்றனை விரித்துரைக்கின்றார். அது நில வழக்கன்று, ஆளோலை பற்றியது. எனினும் அவையோர் முதியவரிடம் வேண்டிய சான்றுகள் மூன்றும் எவ்வகை வழக்கிற்கும் பொருந்துவன. அவை, நெடுங்கால நுகர்ச்சியாகிய ஆட்சி, எழுத்தாகிய ஆவணம், பிறர் கண்டறிந்ததாகிய அயலார் காட்சி என்பன. முதியவர் மூலவோலையைக் காட்ட, அவ்வெழுத்தினை மற்றோர் ஓலையின் எழுத்தோடு ஒப்புநோக்கியே அவையம் முடிவு கூறியது. சேக்கிழார் சோழ அரசியலில் உயர்பதவி வகித்தவர் என்பது மரபு. ஆதலின் அவர் காட்டும் வழக்காடு முறை அக்கால நடைமுறையை ஒட்டியதெனக் கொள்ளுதல் பிழையாகாது.

இம்மூன்றனுள் அயலார் காட்சி வலிமை பெற்றுநின்றமைக்கு வேள்விக்குடிச் செப்பேடு தக்க சான்றாகும். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கொற்கை கிழான் நற்சிங்கன் என்பான் அரசன்முன் முறையிட்டனன். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தன் முன்னோனாகிய நற்கொற்றனுக்கு அளித்த வேள்விக்குடி, களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று என்பது அவன் முறையீடு. அரசன் அவன் சொல்லை உடனே ஏற்றிலன், தள்ளவும் இலன். ஊரின் பழமையை நாட்டாரைக் கொண்டு காட்டுமாறு பணித்தான். அவ்வாறே காட்டப்பட்ட பின்னரே ஊர் மீட்டளிக்கப்பட்டது. இங்கு ஆட்சி இடையறவுபட்டது. ஆவணம் காட்டப்பட்டதாகச் செப்பேடு கூறவில்லை. எஞ்சி நின்றது அக்கம்பக்கத்தார் நினைவொன்றே. பல தலைமுறைகள் கடந்த உரிமையையும் அந்நினைவு தாங்கி நின்றது என்பதே இச்செப்பேடு உணர்த்தும் செய்தியாகும்.

3. எல்லை நடத்தல்

பல்லவர் காசாக்குடிச் செப்பேடு, இரண்டாம் நந்திவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில் ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்னும் ஊர் அளிக்கப்பட்டதைக் கூறுகின்றது. நாட்டார் எல்லையை வலமாக நடந்து கல்லும் கள்ளியும் நாட்டினர் என்பது அதன்கண் காணப்படும் செய்தி. சோழர் காலத்தில் இந்நடை மேலும் விரிந்தது. பெண்யானையை எல்லைவழி நடத்தி, அதனைப் பின்பற்றிச் சென்று எல்லை வரையறுத்தனர். இதனைப் பிடி சூழ்தல் என்பர். ஆனைமங்கலச் செப்பேடுகளிலும், இராசேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவற்கு அளித்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளிலும் இது விரிவாக உளது.

பிடி சூழ்தலை வெறும் சடங்கெனக் கொள்ளுதல் பொருந்தாது. யானை செல்லும் வழியை ஊரார் அனைவரும் காண்பர். எந்த வயலின் எந்த ஓரத்தில் அது திரும்புகின்றது என்பதை அவ்வயலுக்கு உடையவன் உற்று நோக்குவான். மாறுபாடு உடையவன் அப்பொழுதே கூறல் வேண்டும். கூறாது நின்றவன் உடன்பட்டவனாவான். நடை முடிந்தபின் எழுதப்பெற்ற அறவோலையில் சூழவுள்ள ஊர்களின் சபையாரும் ஊராரும் தத்தம் சார்பாளர் வாயிலாகக் கையெழுத்திட்டமை இக்கருத்தினை வலியுறுத்தும். நிலம் பெற்றவன் ஒருவன். ஓலைக்குச் சான்றாய் நின்றோர் அவனுக்கு அயலார் அனைவரும்.

கல்லோடு கள்ளியையும் நாட்டியது ஏன் என்பதும் ஆராயத்தக்கது. கல்லை ஓரிரவில் பெயர்த்து நாலடி தள்ளி நடுதல் இயலும். வேர்கொண்ட கள்ளி வரிசையை அங்ஙனம் பெயர்த்தல் அரிது. பெயர்ப்பினும் அதன் வாட்டம் காட்டிக் கொடுக்கும். கள்ளி வறட்சியைத் தாங்கும். பாலுடைமையின் ஆடுமாடுகள் அதனை மேயா. ஆதலின் கல் புள்ளியையும் கள்ளி கோட்டையும் காத்தன எனலாம். இவையன்றி, சிவன்கோயில் நிலத்திற்குச் சூலக்கல்லும், திருமால்கோயில் நிலத்திற்குத் திருவாழிக்கல்லும், சமணப் பள்ளி நிலத்திற்கு முக்குடைக்கல்லும் நாட்டப்பட்டன. எழுத்தறியாதாரும் உடையவரை அறிதற்கு இவை உதவின.

4. நான்கெல்லையும் அளவும்

நிலவிலை ஆவணங்களில் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கெல்லை கூறும் முறை பெருவழக்கு. இன்னான் நிலத்திற்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என அவை அமையும். ஒருவன் நிலம் மற்றவன் நிலத்தாலேயே அடையாளம் பெறுதல் இங்குக் காணப்படும். பிரமதேய ஊர்கள் சிலவற்றில் வேறொரு முறையும் உண்டு. வதியும் வாய்க்காலும் குறுக்கும் நெடுக்குமாக அமைய, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இத்தனையாம் கண்ணாற்று இத்தனையாம் சதுரம் என நிலம் சுட்டப்பெறும். இதன்கண் அயலான் பெயர் வேண்டப்படுவதில்லை. முன்னையது மக்களைக்கொண்டு நிலத்தை அறிவது. பின்னையது கணக்கினைக்கொண்டு அறிவது.

கணக்கில் சோழர் அடைந்த நுட்பம் பலரும் அறிந்ததே. முதல் இராசராசன் காலத்திலும், கி. பி. 1086-இல் முதற் குலோத்துங்கன் காலத்திலும் நாடு அளக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு கூறு வரை நிலவளவு குறிக்கப்பெறுகின்றது. முந்திரி என்பது 320-இல் ஒன்று. 320-ஐ நான்குமுறை தன்னொடு பெருக்கி, வந்ததனை 5-ஆல் பெருக்கின் மேற்கூறிய எண் கிடைக்கும். எனவே இது கீழ்வாய் இலக்க வாய்பாட்டால் வரிக்கணக்கில் தோன்றிய கூறேயன்றி, வயலில் கோலிட்டுக் கண்ட கூறன்று.

இத்துணை நுண்கணக்கு உடையோரும் ஆவணத்தில் மற்றொரு தொடரை இணைத்தனர் என்பதே வியப்பிற்குரியது. நான்கெல்லைக்கு நடுவுபட்ட நிலம் மிகுதிக்குறைமை உள்ளடங்க விற்கப்பட்டது என்பது அத்தொடரின் கருத்து. எழுதிய அளவினும் நிலம் மிக்கிருப்பினும் குறைந்திருப்பினும் எல்லையே முடிவு என்பது இதனால் போதரும். கோல் பிழைபடலாம்; அயலார் அறிந்த வரப்புப் பிழைபடாது என்னும் துணிபே இதன் அடிப்படை. எல்லைக் குறிப்பும் பரப்பளவும் முரணுமிடத்துப் பொதுவாக எல்லைக் குறிப்பே வலியுடைத்து என இக்கால நீதிமன்றங்களும் கொள்ளுதல் ஒப்புநோக்கத்தக்கது.

5. நீரும் நீக்கப்பட்டோரும்

வரப்பு வழக்கு பெரும்பாலும் நீர் வழக்கே. அன்னியர் வாய்க்காலில் குறங்கறுத்தல், குற்றேத்தம் பண்ணுதல், கூடைநீர் இறைத்தல், விலங்கடைத்தல் ஆகியன செப்பேடுகளில் விலக்கப்படுகின்றன. காசாக்குடிச் செப்பேடு அங்ஙனம் செய்வார்க்குத் தண்டமும் விதிக்கின்றது. அதே வேளையில், ஊரினூடு சென்று புறவூர்க்குப் பாயும் மேனடைநீர் தடையின்றிச் செல்லல் வேண்டும் எனச் சோழர் செப்பேடுகள் காத்துரைக்கும். எல்லை நிலத்தைப் பிரிக்கலாம், நீரைப் பிரிக்கலாகாது. சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் வகுத்த நீர்வழி, நடைவழி உரிமைகளின் கரு இவற்றுள் உளது எனலாம்.

எனினும் இம்முறையினை முற்றும் செம்மையுடைத்தெனப் புகழ்தல் நடுநிலை ஆகாது. தானங்கள் சிலவற்றில் குடிநீக்கி என்னும் சொல் காணப்படுகின்றது. முன்பு உழுதோரை நீக்கி நிலம் அளித்ததனை அது சுட்டும். அறவோலையில் கையெழுத்திட்டோர் சபையாரும் ஊராருமாகிய நிலமுடையோர். நீக்கப்பட்ட குடிகள் அங்குச் சான்றாக நின்றிலர். அயலார் காட்சி என்பதில் எவர் அயலார் எனக் கருதப்பட்டனர் என்னும் வினாவினையும் ஆராய்ச்சியாளர் எழுப்புதல் வேண்டும்.

6. சங்கிலியும் புலப்படமும்

சென்னை மாகாணத்தில் 1858-இல் தொடங்கிய வருவாய் நில அளவை, கோலின் இடத்தில் 66 அடிச் சங்கிலியை வைத்தது. 1860-ஆம் ஆண்டின் 28-ஆம் சட்டம், 1897-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டம், 1923-ஆம் ஆண்டின் 8-ஆம் சட்டம் என எல்லைச் சட்டம் வளர்ந்தது. இவற்றுள் 1923-ஆம் ஆண்டுச் சட்டமே தமிழ்நாட்டில் இன்றும் நிலவுவது. வழக்கற்ற எல்லையும் வழக்குடைய எல்லையும் வேறுவேறாக அளவை அலுவலரால் முடிவு செய்யப்படும். முடிவினை ஏலாதார் மேல்முறையீடு செய்யலாம். அளவை நிறைவுற்றதென 13-ஆம் பிரிவின்கீழ் அறிவித்தபின், அளவைப் பதிவே எல்லைக்கு முடிந்த சான்றாகும். அதனை மாற்ற வேண்டுவோர் 14-ஆம் பிரிவின்படி மூன்றாண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை அடைதல் வேண்டும்.

ஆட்சி இன்றும் அழியவில்லை. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம், உரியவனுக்கு எதிராகப் பன்னிரண்டாண்டு தொடர்ந்து நுகர்ந்தவனுக்கு அரண் செய்கின்றது. ஆவணம் பத்திரமாகவும் பட்டாவாகவும் புலப்படமாகவும் பெருகியது. மெலிந்தது அயலார் காட்சியே. நில அளவர் வரும் நாளில் அடுத்த நிலத்தானுக்கு அறிவிப்புச் செல்கின்றது. ஆயின் அவன் ஊரின் சான்றாக அழைக்கப்படுவதில்லை, எதிர்க்கட்சியாக அழைக்கப்படுகின்றான்.

வழக்கின் பொருளளவையும் நோக்குக. சங்கிலியில் ஒரு கண்ணி 7.92 அங்குலம். ஐந்து சங்கிலி நீள வரப்பு ஒரு கண்ணி அகலம் நகர்ந்தால் மாறும் நிலம் அரைச் செண்டு. இவ்வரைச் செண்டின் பொருட்டு இரு குடும்பங்கள் தலைமுறைக் காலம் பேச்சற்றிருத்தலை நம் ஊர்களில் காண்கின்றோம். இழப்பு நிலத்தின் அளவால் அமைவதன்று. வரம்பு கடந்தான் என்னும் எண்ணத்தால் அமைவது. சங்கிலி நிலத்தை அளக்கும். அவ்வெண்ணத்தை அளக்க அதற்குக் கண்ணி இல்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், தமிழகத்தில் எல்லை வழக்குகள் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றன் துணையால் தீர்க்கப்பட்டன என்பதும், பிடி சூழ்தலும் அறவோலையும் அயலாரை வழக்கு எழுமுன்னரே சான்றினராக்கிய முறைகள் என்பதும், பிற்கால அளவைமுறை அளவினைத் திருத்தமுறச் செய்து அயலாரின் இடத்தைச் சுருக்கியது என்பதும் பெறப்பட்டன. செப்பேடுகளின் எல்லைப் பகுதிகளில் வரும் வாய்க்கால், வதி, மரம், மேடு, ஆட்பெயர் ஆகியவற்றை ஊர்தோறும் தொகுத்து, இன்றைய புலப்படங்களோடு ஒப்புநோக்கும் பணி எஞ்சி நிற்கின்றது. முதுகலை மாணவர்கள் ஓரோர் ஊரையேனும் எடுத்துக்கொண்டு அவ்வெல்லைகளை நடந்து காண்பாராயின், அரசர் வரலாற்றின் புறத்தே நின்ற அண்டை வீட்டார் வரலாறும் நமக்குக் கிடைக்கும்.