பாறையடுக்கும் காலமும்: அரியலூர், பெரம்பலூர்ச் சான்றுகள்

காலம் நிகழ்வுகளின் வரிசை மட்டுமா, நிகழ்வே இல்லாதபோதும் தானாக ஓடும் ஒன்றா என்பது நியூட்டன் தரப்புக்கும் லைப்னிட்சுக்கும் இடையே எழுந்த பழைய வழக்கு. அதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன: எது முன், எது பின்; இடையே எவ்வளவு காலம்; தொலைவிலுள்ள இரு இடங்களில் நடந்தவை ஒரே வேளையில் நடந்தனவா. முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டுக்கும் கிடைத்துவிடும் என்று நினைப்பது இயல்பு; அது தவறு என்பதற்கு அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் கிரிட்டேசியசுக் காலக் கடற்படிவுகள் நல்ல சான்று. இங்குள்ள அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்துள்ளன. மேற்கே பழம்பாறையின் மேல் ஊட்டத்தூர்த் தொகுதி, அடுத்துத் திருச்சிராப்பள்ளித் தொகுதி, கிழக்கே அரியலூர்த் தொகுதி என வரிசை அமைகிறது. மேலடுக்கு கீழடுக்குக்குப் பிந்தியது என்று 1669-இல் ஸ்டெனோ வகுத்த விதிப்படி, காரையின் செம்மண் ஓடைகளிலிருந்து செந்துறைப் பக்கம் நடப்பவர் முந்திய காலத்திலிருந்து பிந்திய காலத்துக்கு நடக்கிறார். முதல் கேள்விக்கு நிலமே விடை சொல்லிவிடுகிறது.

மூன்றாவது கேள்வியின் வரலாறு இங்கே 1840-களில் தொடங்குகிறது. சென்னை மாகாணச் சிவில் பணியிலிருந்த கே, கன்லிஃப் இருவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய புதைபடிவங்கள் லண்டனுக்குச் சென்றன. அவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். ஐரோப்பியச் சிப்பிகளோடும், அழிந்துபோன சுருளோட்டுக் கடலுயிரிகளான அம்மோனைட்டுகளோடும் ஒப்பிட்டு, புதுச்சேரிப் படுகைகளைக் கிரிட்டேசியசின் அடிப்பகுதியில் வைத்தார்; பின்வந்தோர் அவற்றை அதன் மேற்பகுதிக்கே உரியவை என்றனர். நிலத்தை நேரில் அளந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி ஃபிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. மேற்சொன்ன மூன்று தொகுதிகளும் 1862-இல் வெளிவந்த அவருடைய அறிக்கையில் வகுக்கப்பட்டவை. திருத்தங்களோடு இன்றும் வழங்குகின்றன. பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகிப் பருவமழையை ஆராய்ந்தவரும் இவரே. அதே 1862-இல் ஆய்வுத் துறையில் சேர்ந்த மொராவியரான ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா, 1873 வரை தென்னிந்தியக் கிரிட்டேசியசு விலங்குகளைப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். ஊட்டத்தூர், அரியலூர், நின்னியூர் என்னும் சிற்றூர்ப் பெயர்கள் ஐரோப்பிய நூலகங்களுக்குள் போனதில் அத்தொகுதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நத்தைகள், இருவோட்டு உயிரிகள், கடல் முள்ளெலிகள், பவளங்கள் எனக் கல்லச்சில் பதிந்த அவற்றின் படத்தாள்களை வகைப்பாட்டறிஞர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். ஸ்டொலிச்கா 1874-இல் யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு.

பிளான்ஃபோர்டின் அறிக்கை வெளிவந்த ஆண்டிலேயே, புதைபடிவங்களை ஒப்பிட்டுச் சமகாலம் சொல்லும் இம்முறையின் அடிப்படையை லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லி கேள்விக்குள்ளாக்கினார். இரு நாடுகளில் உயிரினங்கள் ஒரே வரிசையில் வந்தால் வரிசை ஒன்று என்பது மட்டுமே உறுதி. அவை ஒரே வேளையில் வாழ்ந்தன என்பது அதிலிருந்து தானாகப் பெறப்படாது என்றார். ஓர் இனம் ஐரோப்பாவில் தோன்றி, நெடுங்காலம் கழித்துத் தென்னிந்தியக் கடலை அடைந்திருக்கலாம் அல்லவா? இதற்குச் சொல்லப்படும் மறுமொழி வலுவானது. அம்மோனைட்டுகள் திறந்த கடலில் விரைந்து பரவியவை. ஓர் இனம் நிலைத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் அது பரவ எடுத்துக்கொண்ட காலம் சிறிது. தொடர்பற்ற பல குலங்கள் ஒரே தாமதத்தோடு வந்தன என்று கொள்வதும் கடினம். ஆனால் இம்மறுமொழி ஐயத்தின் எல்லையைக் குறுக்குகிறதே தவிர ஐயத்தை நீக்குவதில்லை. 1895 முதல் 1898 வரை இவ்வம்மோனைட்டுகளை மறுபடி ஆராய்ந்த ஃபிரான்ஸ் கோஸ்மாட், அவற்றுக்குப் பசிபிக் கரைகளோடு உள்ள உறவை எடுத்துக்காட்டியது, ஐரோப்பாவை மட்டும் அளவுகோலாகக் கொண்டது போதாது என்று உணர்த்தியது.

1905-இல் ஐன்ஸ்டைன் இதே கேள்வியை இயற்பியலுக்குள் எழுப்பினார்: தொலைவிலுள்ள இரு நிகழ்வுகள் ஒரே வேளையில் நடந்தன என்பதைக் குறிப்பலை ஒன்று சென்று திரும்பாமல் எப்படிச் சொல்வது? ஹான்ஸ் ரைகன்பாக் 1928-இல், அக்கேள்விக்கு நாம் தரும் விடையில் ஓரளவு நம் உடன்பாடும் கலந்திருக்கிறது என்றார், டேவிட் மாலமென்ட் 1977-இல் அதை எதிர்த்தார், வழக்கு தீரவில்லை. ஹக்ஸ்லியும் ஐன்ஸ்டைனும் கண்டது ஒன்றே என்று சிலருக்குத் தோன்றலாம். அது மிகை. பூமியின் ஒரு கோடியிலிருந்து நேரெதிர்க் கோடிக்கு மேற்பரப்பு வழியே ஒளி செல்ல நொடியில் பதினைந்தில் ஒரு பங்கே ஆகும்; சார்பியல் தரும் தெளிவின்மை அந்த அளவோடு நின்றுவிடும். பாறையில் உண்மை ஒன்று உண்டு, நம் கை எட்டவில்லை. சார்பியலில் எட்டுவதற்கு அப்படி ஓர் உண்மையே இல்லை என்பது வாதம். ஒற்றுமை வேறிடத்தில் உள்ளது: இரண்டிலும் சமகாலம் நேரே காணப்படுவதில்லை, இடத்தைக் கடந்து வரும் ஒன்றைக் கொண்டே பெறப்படுகிறது. ஒன்றில் அது ஒளி, மற்றதில் நீந்தி வந்த உயிர்.

கதிரியக்கக் காலக்கணிப்பு வந்தபின் ஐயம் ஏன் என்று கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு அது உண்மையாகவே விடை தந்தது. 1862-இல் கெல்வினால், பூமி குளிரும் வேகத்தைக் கொண்டு, அதன் வயது 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு என்று மட்டுமே சொல்ல முடிந்தது. இன்று கிரிட்டேசியசு சுமார் 14.5 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுக்கு முன் முடிந்தது என்கிறோம். ஆனால் மணற்கல்லிலுள்ள சிர்க்கான் மணி தன் தாய்ப்பாறை உறைந்த காலத்தையே சொல்லும், கடலடியில் வந்து படிந்த காலத்தை அல்ல. அதனால் எரிமலைச் சாம்பல் படுகைகள் உள்ள வேறு நாடுகளில் கிடைத்த எண்கள் புதைபடிவ ஒப்பீட்டின் வழியாகவே இத்தகைய படிவுகளுக்கு வருகின்றன. எண்ணுக்கு அடியில் ஹக்ஸ்லியின் கேள்வி இருக்கிறது. பாறையின் காந்தத் திசை மாற்றமும், ஓடுகளில் பதிந்த ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதமும் புதைபடிவங்களை நம்பியிருக்கும் இந்த நிலையைத் தளர்த்துகின்றன; அவை உலகெங்கும் பரவ ஓர் உயிரினத்தின் பயணம் தேவையில்லை.

இருபதாம் நூற்றாண்டு முதலான களச் செய்திகள் சிதறலானவை. 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம் 18 மீட்டர் நீளமுடையது. நிலத்தில் வளர்ந்த மரம் கடற்படிவில் கிடப்பதால், கிடைத்த இடம் வாழ்ந்த இடமன்று என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இவ்வட்டாரத்தில் இல்லை. அரியலூர் மாவட்டக் கல்லமேட்டிலிருந்து யாதகிரி, அய்யாசாமி இருவரும் விவரித்த புருகத்காயோசாரஸ் என்னும் பேருயிரியின் எலும்புகள் சிதைந்துவிட்டதாகக் கூறப்படுகிறது. அவை கல்லான மரத்துண்டுகளோ என்ற ஐயமும் எழுந்தது. 2022-இல் வெளியான பழைய ஒளிப்படங்கள் எலும்பு என்ற தரப்புக்கு வலுச் சேர்த்தன. 2020-இல் குன்னம் பகுதியில் டைனோசர் முட்டைகள் என்று பரவிய செய்தி, அம்மோனைட் படிவுகளைச் சுற்றி இறுகிய உருண்டைகள் என்ற விளக்கத்தோடு அடங்கியது.  சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் புதிய அடுக்குமுகங்களைத் திறக்கின்றன, வெட்டி முடித்தபின் அவற்றையே இல்லாமல் ஆக்குகின்றன.

டைனோசர்கள் அழிந்த எல்லை, கல்லமேட்டுப் படிவுக்கும் அதன் மேலுள்ள நின்னியூர்ப் படிவுக்கும் இடையே வைக்கப்படுகிறது. 1980-இல் அல்வாரெஸ் குழுவினர் இத்தாலியில் அதே எல்லையில் சுட்டிய இரிடியத் தூசு உலகெங்கும் விரைந்து படிந்தது. சமகாலத்துக்கு இதைவிடக் கூரிய அடையாளம் பாறையில் அரிது. ஆனால் அத்தூசு ஓரிடத்தில் நிலைக்க அங்கே அவ்வேளையில் படிவு நிகழ்ந்திருக்க வேண்டும். இங்கே படிவு தொடர்ந்ததா, இடையில் விட்டுப்போனதா என்பதில் ஆய்வாளர் கருத்து ஒன்றுபடவில்லை.