கேட்போர் யார்?: மேலாண்மை ஆய்வறிக்கை குறித்துச் சில குறிப்புகள்

1

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில் ஒன்றில் மனிதவள மேலாளராக இருக்கும் நண்பர், மூன்று வருடத்துக்கு முன் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். வணிக மேலாண்மையில் தொழில்முறை முனைவர் பட்டத்துக்கு அவர் பதிவு செய்திருந்தார். வேலையை விடாமலே வாங்கும் டாக்டர் பட்டம் இது. தான் வேலை பார்க்கும் இடத்துப் பிரச்சினை ஒன்றையே எடுத்து ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். அவர் எடுத்தது 'ஊழியர் ஈடுபாடு'. கேள்வித்தாளைத் தமிழாக்குவதும், தொழிலாளர்கள் பேசிய பதிவுகளைக் கேட்டு எழுதிச் சுருக்கித் தருவதும் என் பொறுப்பு. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வேறென்ன வேலை வரும்? செய்தேன், கூலியும் வாங்கினேன். ஆகவே இக்கட்டுரையை வெளியே நின்று வேடிக்கை பார்த்தவன் எழுதவில்லை.

முதல் நாள், ஃபர்னஸ் பக்கம் வேலை பார்க்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது யாரு கேக்குறது சார்? கம்பெனி கேக்குதா, காலேஜ் கேக்குதா?" "காலேஜுக்குத்தாண்ணே" என்றார் நண்பர். அவர் சிரித்துக்கொண்டே எல்லா வரியிலும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படி நிறையப் பேர் செய்தார்கள். ஒருவரே எல்லா வரிக்கும் ஒரே மாதிரிக் குறி போட்டால் புள்ளியியலில் 'நம்பகத்தன்மை' கூடும். அறிக்கையிலும் அந்த எண் நன்றாகவே வந்தது. பயம்தான் அங்கே நம்பகத்தன்மையாக மாறியிருக்கிறது என்பதைச் சொல்ல அட்டவணையில் கட்டம் கிடையாது.

2

'யாரு கேக்குறது' என்ற கேள்விக்கு நம் இலக்கண மரபில் ஓர் இடம் உண்டு. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டியவை என்று நன்னூல் எட்டைக் குறிப்பிடுகிறது: நூலைச் செய்தவர், வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துச் சொல்வோரும் உண்டு என்கிறது. இன்றைய ஆய்வறிக்கையின் முதல் அத்தியாயம் ஏறத்தாழ இதே பட்டியல்தான். வரையறை இருக்கும், நோக்கம் இருக்கும், முறையியல் இருக்கும். 'கேட்போர்' மட்டும் இருக்காது. உரைமரபில் அச்சொல் நூலைக் கேட்பதற்கு உரியவரைக் குறிக்கும். பேச்சுத் தமிழில் கேள்வி கேட்பவரும் கேட்போர்தான். யாருக்காக, யார் கேட்கிறார்கள் ஆகிய இரண்டும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. மேலாண்மை ஆய்வின் சரித்திரம் இந்தச் சொல்லை மறைத்ததன் சரித்திரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

3

1911இல் டெய்லர் வெளியிட்ட 'விஞ்ஞான மேலாண்மைத் தத்துவங்கள்' நூலில் ஷ்மிட் என்று ஒரு தொழிலாளி வருகிறார். பெத்லஹேம் இரும்பாலையில் நாளொன்றுக்கு 12.5 டன் இரும்புப் பாளம் சுமந்தவர் 47 டன் சுமக்கிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 ஆகிறது. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஷ்மிட் என்பது டெய்லர் சூட்டிய பெயர். ஆளின் பெயர் ஹென்றி நோல். அவருடைய கொச்சை உச்சரிப்பை டெய்லர் அப்படியே அச்சில் தருகிறார். ஆனால் இந்த ஆள் மாடு மாதிரி என்று வாசகரை நம்பவைக்கத்தான் அந்தக் கொச்சை அங்கே பயன்படுகிறது.

அடுத்தது, சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலை. 1927இல் ரிலே பொருத்தும் பெண்கள் சிலரைத் தனி அறையில் உட்காரவைத்துச் சோதனை தொடங்கினார்கள். 1928 ஜனவரியில் அவர்களில் இருவர் மாற்றப்பட்டார்கள். அவர்கள் மேல் இருந்த முக்கியப் புகார், அதிகம் பேசுகிறார்கள் என்பது. அதே வருடம் அதே ஆலையில் தொழிலாளர்களைப் பேசவைக்கும் நேர்காணல் திட்டம் ஆரம்பமாகி, 20,000க்கும் மேற்பட்ட பேட்டிகள் எடுக்கப்பட்டன! கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஆட்கள் வேறெங்கோ போனார்கள். பிறகு கேள்விப் பட்டியலையே கைவிட்டு, பேசவிட்டுக் கேட்டார்கள். இதையெல்லாம் 1939இல் நூலாக எழுதியவர்கள் ஹார்வர்டின் ரோத்லிஸ்பெர்கரும், கம்பெனியின் ஊழியரான டிக்சனும். கம்பெனி ஆள் ஆராய்ச்சியாளராகிற இந்த இரட்டை வேடம்தான் பின்னால் பட்டமாயிற்று என்று சொல்லலாம்.

சென்னையில் இதற்கு வேறொரு முன்னோடி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, பெரும்பாலும் அவரவர் சொந்தக் கிராமங்களுக்கே அனுப்பினார். 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' வெளியாயிற்று. உள்ளூர்ப் பிள்ளை கேட்டால் உண்மை வரும் என்பது நம்பிக்கை. ஆனால் அந்தக் காலத்தில் காலேஜ் போன பிள்ளை ஊரில் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பான்? அவன் வந்து கேட்டால் சேரியில் இருப்பவர் என்ன சொல்லியிருப்பார்? 'உள்ளே இருப்பவர்' என்பது ஒரே இடம் அல்ல.

4

டொனால்ட் ஷோன் 1983இல், தொழில் செய்பவரின் கைக்குள் இருக்கும் அறிவும் அறிவே என்று வாதாடினார். தொழில்முறை முனைவர் பட்டம் தன்னை நியாயப்படுத்திக்கொள்வதும் இந்த வாதத்தால்தான். 1990களில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவிய இப்பட்டம் இன்று நம் ஊர் மேலாளர்களின் விசிட்டிங் கார்டு வரை வந்துவிட்டது.

நண்பரின் கைக்குள் அறிவு இருந்தது. டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸாக மில்லுக்குள் நுழைந்தவர் அவர். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அவர் சொன்னவை: மே மாதம் ஆள் வராதது ஈடுபாடு இல்லாததால் அல்ல, சூட்டினால். எட்டு மணி ஷிப்ட் பன்னிரண்டு மணி ஆனபோது யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பது. ஒடியாப் பையன்களை கான்ட்ராக்டர் ஏன் ஒரே இடத்தில் தங்கவிடுவதில்லை என்பது. இவற்றில் ஒன்றும் அறிக்கையில் இல்லை. வழிகாட்டி 'நான்' வரக்கூடாது என்றார், நண்பர் 'ஆய்வாளர்' ஆனார். ஒடிய மொழியில் கேள்வித்தாள் கிடையாது. ஆகவே 'மாதிரி நிரந்தர ஊழியர்களுக்கு வரையறுக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியில், இரவு ஷிப்டை ஓட்டுகிறவர்கள் காணாமல் போனார்கள். ஒப்புதல் படிவங்கள் ஒழுங்காக வாங்கப்பட்டன. படிவத்தில் கையெழுத்து வாங்கியவரும் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுகிறவரும் ஒரே ஆள்.

என் பங்கும் இருக்கிறது. "மேல சூடு, கீழ சூடு, நடுவுல சூப்பர்வைசரு" என்றார் ஒருவர். 'பணிச்சூழல் சார்ந்த அழுத்தம்' என்று எழுதிக் கொடுத்தேன். டெய்லர் கொச்சையை வைத்துக்கொண்டு ஆளைத் தொலைத்தார். நான் கொச்சையை நீக்கித் தொலைத்தேன்.

5

இதே கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை இருக்கிறது. பெரும்பான்மை தலித் மக்கள் வாழும் ஊர். அவர்கள் மேய்ச்சலுக்கு நம்பியிருந்த நிலம் சிப்காட்டுக்குப் போனதை எதிர்த்து 2009இல் போராடினார்கள். அங்கே மிச்செலின் டயர் ஆலை வந்தது. 2012இல் ஊர்ச் சங்கமும் பிரெஞ்சு அமைப்புகளும் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓஇசிடி வழிகாட்டு நெறிகளின்படி பிரான்சின் தேசியத் தொடர்பு மையத்தில் முறையிட்டார்கள். 2013இல் அம்மையம் அறிக்கை தந்தது. நிறுவனம் நெறிகளை மீறியதாக அது முடிவு செய்யவில்லை, பாதிப்புகளை ஆராயும்படி பரிந்துரை செய்தது. ஊரார் வென்றார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே கேள்வி கேட்டவர் யார், யாரைக் கேட்டார் என்பது தாளில் இருந்தது. நண்பரின் அறிக்கையில் இல்லாதது அதுதான்.

'நான்' வந்தால் சுயதம்பட்டம் ஆகிவிடாதா என்று கேட்கலாம். நன்னூலுக்கும் அந்தக் கவலை உண்டு. தற்புகழ்ச்சி தகுதியல்ல என்பதால் பாயிரத்தை ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணவரோ, உரைகாரரோ எழுதட்டும் என்கிறது. அப்படியானால் மேலாளரின் அறிக்கைக்கு ஷாப் ஃப்ளோரிலிருந்து ஒருவர் பாயிரம் சொல்லட்டுமே. கட்டணம் யார் கட்டியது, எந்த அறையில் வைத்துக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை என்பதை அவரைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

பட்டம் கிடைத்துவிட்டது. இருநூற்றுச் சொச்சம் பக்க அறிக்கையில் 'நான்' வருவது நன்றியுரையில் மட்டும், நிர்வாகத்துக்கு நன்றி சொல்ல. போன வருடம் அந்த ஃபர்னஸ்காரரை கேட் வாசலில் பார்த்தேன். "அந்தப் பேப்பர் என்னா ஆச்சு? எங்களப் பத்தி என்னா எழுதியிருக்கு?" என்றார். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

இப்போது அதைப் பன்னிரண்டு பக்கத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கம்பெனி பேர் மட்டும் வேணாம்" என்றார். முதல் பக்கத்தில், கேட்டது யார், எந்தப் பதவியில் இருந்துகொண்டு கேட்டார் என்று எழுதியிருக்கிறேன். நான் வாங்கிய கூலியும் அதில் இருக்கிறது.