ஓதம்: ஒரு சொல்லின் ஏற்றமும் வற்றமும்

மழைக்காலத்தில் பழைய வீட்டுச் சுவரின் அடிப்பகுதி கறுத்து, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தால் ‘சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது’ என்கிறோம். நிலவின் ஈர்ப்பால் கடல்நீர் உயர்ந்து தாழ்வதையும் தமிழகப் பாடநூல்கள் ‘ஓதம்’ என்றே குறிக்கின்றன. இவை ஒலியால் மட்டும் ஒத்த இரு சொற்களா, ஒரே சொல்லின் இரு கிளைகளா? ஒரே சொல்தான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

சங்க அக நூல்களின் நெய்தல் பாடல்களில் ஓதம் என்பது பெருகி வரும் கடல்நீர். பக்தி இலக்கியத்தில் அதன் பொருள் விரிகிறது. தேவாரத்தில் கடலோரத் தலங்களை வருணிக்கையில் அலையாகவும் முழக்கமாகவும் ஒலிக்கிறது. ஆழ்வார்கள் திருமாலின் நிறத்தைச் சொல்லும்போது ஓதநீர் என்பது கடலையே குறிக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் ஈரம், வெள்ளம், அலை, கடல், ஒலி ஆகிய பொருள்கள் பதிவாகியுள்ளன. விரை வீங்கும் நோயான அண்டவாதத்துக்கும் ஓதம் என்றே பெயர். யானைக்கால் நோய்க்கு ஓதக்கால் என்று பெயர்.

ஒலி என்ற பொருளைத் தனியே வைத்துவிட்டால், மற்றவற்றில் ஒரே காட்சி தெரிகிறது: நீர் தன் எல்லை கடந்து ஏறுகிறது, ஏறிய இடம் கனக்கிறது. கழிமுகத்தில் நட்ட மரக்காலில் நீர் வற்றிய பின் தெரியும் ஈரக்கோடும், சுவரில் முழங்கால் உயரத்தில் நிற்கும் ஈரக்கோடும் ஒரே வகைத் தடங்களே.

ஓதம் கடலேற்றத்துக்கு மட்டும் உரிய சொல்லாக ஏன் சுருங்கவில்லை? தமிழகக் கடற்கரையின் இயல்பு ஒரு காரணமாக இருக்கலாம். காம்பே வளைகுடாவில் நீர்மட்டம் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் ஏறத்தாழ 1 மீட்டர்தான். திறந்த கடற்கரையில் நிற்பவர் கண்ணில் அலைதான் முதலில் படும். ஏற்றமும் வற்றமும் துலங்குவது பிச்சாவரம், பழவேற்காடு போன்ற கழிகளில்.

பிற மொழிகள் வேறு வழியில் சென்றன. கடலேற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘டைடு’ முதலில் பொழுதையே குறித்தது. வடமொழி ‘வேலா’ எல்லை, கரை, பொழுது, கடற்பெருக்கு என நான்கையும் சுட்டும். அதிலிருந்து தமிழில் கடலைக் குறிக்கும் ‘வேலை’யும் பொழுதைக் குறிக்கும் ‘வேளை’யும் வந்தன; மலையாளத்தின் வேலியேற்றம், வேலியிறக்கம் இந்த வழியினவே. நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வரும் ஏற்றத்தை அம்மொழிகள் காலத்தால் அளந்தன; தமிழின் ஓதம் ஈரத்தால் அளந்தது.

இன்று கடலின் ஏற்ற இறக்கம் தமிழகப் பாடநூல்களில் உயர் ஓதம், தாழ் ஓதம் எனவும், இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வற்றுப்பெருக்கு எனவும் வழங்குகிறது. வற்றுப்பெருக்கில் இரு திசை இயக்கமும் பெயரிலேயே உண்டு. ஓதத்திலோ ஏற்றம் மட்டுமே உண்டு. அதனால்தான் ‘தாழ்’ என்ற அடை தேவைப்படுகிறது. ஆயினும் ஓதத்தை அயலான கலைச்சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வகுப்பறைச் சுவரில் ஓதம் ஏறிய இடத்தை ஆசிரியர் தொட்டுக் காட்டினால், மாணவருக்குப் பாதிப் பாடம் அங்கேயே விளங்கிவிடும்.