பக்கவாட்டில் ஆடும் ஊசி

எலியாஸ் ஹோ 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரங்கள், மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் பூட்டுத் தையலை நேர்கோட்டில் மட்டுமே இட்டன. துணிகளை இணைக்க அது போதுமானதே எனினும், வெட்டிய ஓரம் பிசிறு பிசிறாகப் பிரிவதை அதனால் தடுக்க இயலவில்லை. பின்னலாடைத் துணி இழுபடும்போது நூலும் அறுந்துபோயிற்று. ஒரு குத்து இடமும் மறு குத்து வலமுமாக விழும் ஜிக்ஜாக் தையலிலோ, வளைந்து செல்லும் நூல் துணியோடு சேர்ந்து நீள இடம் பெறுவதுடன் ஓரத்து இழைகளையும் அணைத்துப் பிடிக்கிறது.

இத்தையலின் தொடக்கம், மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் பிறந்த ஹெலன் அகஸ்டா பிளான்சர்டு 1873இல் பெற்ற காப்புரிமையுடன் பொதுவாக இணைத்துப் பேசப்படுகிறது. ஆயினும் அது வீடுகளை எட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை காஜா எனப்படும் பொத்தான் துளைகளை அடிக்கவும் ஓரங்களை முடிக்கவும் பயன்பட்ட தொழிற்சாலைத் தையலாகவே அது இருந்தது. இத்தையலுக்கு, ஊசி துணியை விட்டு மேலே நிற்கும் கணத்தில் மட்டுமே ஊசித்தண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். ஊசி எந்தப் பக்கம் இறங்கினாலும் அதன் நூற்கண்ணியைக் கீழே சுழலும் கொக்கி தவறாமல் பிடித்தாக வேண்டும். இந்த நுட்பம் விலையை உயர்த்தியதே தாமதத்துக்குக் காரணம் என்று கொள்ளலாம். நேர்த்தையலில் கோலோச்சிய பெரிய நிறுவனங்களுக்கு மாற்றத்தில் அவசரம் இருந்திருக்காது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மாற்றத்தை முன்னெடுத்தவர்கள் ஐரோப்பியர். சுவிட்சர்லாந்தின் பெர்னினா 1938இல் வீட்டு உபயோக ஜிக்ஜாக் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இத்தாலியின் பவியா நகரத்து நெக்கி நிறுவனத்துக்காக மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்த பியூ இயந்திரம் 1954இல் கொம்பாஸ்ஸோ தோரோ என்னும் வடிவமைப்பு விருதையும் பெற்றது. பழைய சிங்கர் இயந்திரங்களை வைத்திருந்தோருக்கோ, ஊசியை அப்படியே விட்டுத் துணியை இருபுறமும் ஆட்டுகிற துணைக்கருவி விற்கப்பட்டது. சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் ஊசியே ஆடும்போது கிடைக்கும் ஒழுங்கை அதில் எதிர்பார்க்க முடியாது. 1952இல் வந்த எல்னா சூப்பர்மேட்டிக், மாற்றிப் பொருத்தத்தக்க விளிம்பு வெட்டிய வட்டுகளின் வழியே ஊசியின் அசைவை இயக்கிப் பலவகை அலங்காரத் தையல்களையும் அளித்தது.

தமிழகத்தின் தையற்கடைகளில் சேலை ஓரம் அடிப்பதற்கென ஜிக்ஜாக் இயந்திரம் தனியாக வைக்கப்படுவது இன்றும் வழக்கம். ரவிக்கை தைக்கும் இயந்திரம் அதன் அருகிலேயே நேர்த்தையலுக்காக மட்டும் ஓடுகிறது.