பழைய காருக்கு வயசு பார்ப்பது எப்படி?

1/ வயசு சர்டிஃபிகேட் கேட்டு போலீஸ்காரங்க ஒருத்தரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தா, நாங்க முகத்தைப் பார்த்து எழுதுறதில்லை. முகம் ஏமாத்தும். பல்லைப் பார்ப்போம். மணிக்கட்டு, முழங்கை, இடுப்பெலும்புக்கு எக்ஸ்ரே எடுப்போம். எலும்பு நுனி ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு வயசுல ஒட்டும். எங்க ஒட்டியிருக்கு, எங்க ஒட்டலைன்னு பார்த்தா வயசு தெரியும். பழைய காருக்கு வயசு பார்க்கிறதும் ஏறக்குறைய இப்படித்தான். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ முட்டம் பாறைக்கு வந்திருக்கீங்களா? கலங்கரை விளக்கம், கீழ கடல், சாயங்கால வெளிச்சம். கல்யாண ஜோடிங்க போட்டோ எடுக்க வர்ற இடம். பளபளன்னு பாலீஷ் போட்ட பழைய அம்பாசடரையும் சில நேரம் கூடவே ஓட்டிட்டு வருவாங்க. "அறுபத்தஞ்சு மாடல் சார், எல்லாம் ஒரிஜினல்"னு சொன்னா நம்பலாமா? அதை நீங்களே எப்படிப் பார்க்கலாம்னு சொல்றேன். ஆனா கதை அமெரிக்காவுல இருந்து தொடங்கணும்.

3/ சுதந்திரத்துக்கு முன்னாடி நம்ம ரோட்டுல ஓடின பெரிய கார்கள் நிறைய அமெரிக்கக் கார்கள்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லயே பம்பாயில பாகங்களை இறக்கி கார் பூட்ட ஆரம்பிச்சுது. ஃபோர்டும் வந்துது. 1953-ல கட்டண ஆணையம் ஒரு பரிந்துரை கொடுத்துது: பாகங்களை இங்கயே தயாரிக்கத் திட்டம் வச்சிருக்கிற கம்பெனிக்கு மட்டும்தான் அனுமதி. 1954-ல ரெண்டு கம்பெனியும் கடையைக் கட்டிட்டுப் போயிட்டாங்க.

4/ மிச்சம் நின்னவங்கள்ல முக்கியமானவங்க ரெண்டு பேர். பிர்லாவோட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், வால்சந்த் ஹீராசந்தோட பிரீமியர். பிரீமியர், கிரைஸ்லர் லைசென்ஸ்ல பம்பாய் குர்லாவுல கார் பூட்டினாங்க. டாட்ஜ் கிங்ஸ்வே, பிளைமவுத் சவாய், டிசோட்டோ டிப்ளமேட். பணக்காரங்க வீட்டு வாசல்ல நின்ன வண்டிகள்.

5/ இங்கதான் முதல் பாடம். அந்த மூணும் உள்ளுக்குள்ள ஒரே கார். பிளைமவுத் பாடிதான் மூணுக்கும். கிரில், பானெட் மேல இருக்கிற சின்னம், பெயர்ப்பட்டை, ஓரத்துல ஓடுற குரோமியப் பட்டை, இவ்வளவுதான் வித்தியாசம். ஒரு டிங்கர் மனசு வச்சா பிளைமவுத்தை டாட்ஜ் ஆக்கிடலாம். கழட்டி மாட்டக்கூடிய பாகத்தை வச்சு மட்டும் காருக்கு வயசோ பேரோ முடிவு பண்ணக்கூடாது.

6/ அமெரிக்காவுல இந்த முகமாற்றம் ஒரு வியாபார உத்தி. ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வருஷா வருஷம் தோற்றத்தை மாத்துற வழக்கத்தை ஊன்ற வச்சார். 1927-ல ஹார்லி ஏர்லை வச்சு அதுக்குன்னு தனிப் பிரிவே தொடங்கினாங்க. போன வருஷ கார் பழசா தெரியணும், ஜனங்க புதுசு வாங்கணும். 1958 மாடல்கள்ல நாலு ஹெட்லைட் பரவலாச்சு. 1959 கேடிலாக்ல பின்பக்க ரெக்கை ராக்கெட் மாதிரி நிமிர்ந்து நின்னுது. அதனால வெளித்தோற்றத்தைப் பார்த்தே அமெரிக்கக் காருக்கு வருஷம் சொல்றவங்க உண்டு.

7/ ஆனா அதே கார்களுக்கு உள்ள இன்னொரு காலக்கோடு ஓடுது. அதை வரைஞ்சவங்கள்ல டாக்டர்கள் நிறைய. கிளேர் ஸ்ட்ரெய்த்னு டெட்ராய்ட்ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். டேஷ்போர்டுல மோதி முகம் கிழிஞ்சு வர்றவங்களைத் தைச்சுத் தைச்சு அலுத்துப்போய், கிரைஸ்லர் கம்பெனிக்கே பிரச்சினையைக் கொண்டுபோனார். அவங்க 1937 மாடல்களைப் பாருங்க. துருத்திட்டு நின்ன குமிழ்கள் உள்ளடங்கியிருக்கும். கதவுக் கைப்பிடி நுனி உள்பக்கம் வளைஞ்சிருக்கும். முன்சீட் முதுகு மேல மெத்தை வச்சிருக்கும்.

8/ 1955-ல ஹன்டர் ஷெல்டன்னு ஒரு நரம்பியல் சர்ஜன், அமெரிக்க மருத்துவச் சங்க இதழ்ல கார் விபத்துத் தலைக்காயம் பத்தி எழுதினார். அவர் சொன்னதோட சாரம்: இந்தக் காயத்துக்கு வைத்தியம் வராம தடுக்கிறதுதான். அடுத்த வருஷம், 1956 ஃபோர்டுல ஸ்டியரிங் வீல் நடுவுல குழிஞ்சு வந்துது. மோதினா வளையம் முதல்ல மடங்கும், நடுத்தண்டு நெஞ்சுல ஏற நேரமாகும். கதவுப் பூட்டையும் மோதினா சட்டுனு திறக்காத மாதிரி மாத்தினாங்க. டேஷ்போர்டு மெத்தையும் சீட் பெல்ட்டும் கூடுதல் காசு கொடுத்தா கிடைக்கும்.

9/ 1965-ல ரால்ஃப் நேடர்னு ஒரு இளம் வக்கீல், கார் கம்பெனிகளை நேரடியா குற்றம்சாட்டி ஒரு புத்தகம் போட்டார். முதல் அத்தியாயம் செவர்லே கார்வேர் பத்தினது. 1960-ல இருந்து 1963 வரைக்கும் வந்த கார்வேர்ல பின் ஆக்சில் ரெண்டு துண்டா ஊஞ்சல் மாதிரி ஆடும். திருப்பத்துல சக்கரம் உள்ளே மடங்கும். 1964-ல குறுக்கு ஸ்பிரிங் ஒண்ணு சேர்த்தாங்க. 1965-ல அமைப்பையே மாத்திட்டாங்க. வெளிய நின்னு பார்க்கிறவங்களுக்கு 1963-க்கும் 1964-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கீழ குனிஞ்சு பார்க்கணும்.

10/ ஜெனரல் மோட்டார்ஸ் நேடர் பின்னாடி துப்பறிவாளர்களை விட்டுது. 1966 மார்ச்ல கம்பெனித் தலைவரே செனட் கமிட்டி முன்னாடி மன்னிப்புக் கேட்டார். அந்த செப்டம்பர்லயே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. அதை நடத்த முதல்ல போட்ட ஆள் யார் தெரியுமா? வில்லியம் ஹாடன். பொது சுகாதார டாக்டர். மலேரியாவுல கொசு, மனுஷன், சூழல்னு பிரிச்சுப் பார்க்கிற மாதிரி விபத்தையும் பிரிச்சுப் பார்த்தவர். ஓட்டுநரைத் திட்டுறதோட நிறுத்தாம, மோதின நேரத்துல அந்த வேகம் உடம்புல எந்த வழியா இறங்குதுன்னு கேட்டவர்.

11/ அதுக்கப்புறம் அமெரிக்கக் காருக்கு வயசு பார்க்கிறது சுலபம். சட்டமே பாகங்கள்ல தேதி குத்தின மாதிரி:
- பக்கவாட்டு மூலையில விளக்கோ பிரதிபலிப்பானோ இல்லைன்னா, அது பெரும்பாலும் 1968-க்கு முந்தின மாடல்.
- விளக்கு, பிரதிபலிப்பான் ரெண்டுல ஒண்ணு இருந்தா 1968, 1969.
- ரெண்டுமே இருந்தா 1970-ல இருந்து.
- முன்சீட்ல தலைதாங்கி கட்டாயமானது 1969 ஜனவரி.
- முன்பம்பர் திடீர்னு தடிச்சுத் துருத்தினா 1973.

12/ இதுல கண்ணுக்குத் தெரியாததுதான் ஆகப்பெரிய மாற்றம்: ஸ்டியரிங் தண்டு. பழைய கார்ல அது முன்சக்கரப் பக்கத்துல இருந்து ஓட்டுநர் நெஞ்சை நோக்கி வர்ற ஒரே இரும்புக் கம்பி. வண்டி முன்னாடி நசுங்கும்போது அது பின்னாடி வரும். ஓட்டுநர் முன்னாடி போவார். நெஞ்செலும்பு உடையும், இதயத்துல அடிபடும், சில பேருக்கு மகாதமனி கிழியும். அப்படி வர்றவங்களுக்கு எந்த ஊர் கேஷுவாலிட்டியிலயும் நேரம் ரொம்பக் குறைவு. 1967 மாடல்கள்ல ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்தது, மோதினா தானே மடங்கிச் சுருங்குற தண்டு. 1968-ல இருந்து சட்டப்படி எல்லாக் கார்லயும் வந்தாச்சு.

13/ இப்ப நம்ம ஊருக்கு வருவோம். அம்பாசடர், இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரிஸ். அச்சுக் கருவிகளை வாங்கி உத்தரப்பாராவுல 1950களோட கடைசியில தயாரிக்க ஆரம்பிச்சாங்க. கடைசி வண்டி வந்தது 2014 மே மாசம். அரை நூற்றாண்டுக்கு மேல ஒரே உடம்பு. அதுல வயசு பார்க்கிறது இப்படி:

14/ 1963-ல மார்க் 2: கிரில்ல நெருக்கமான சின்னக் கட்டங்கள், டேஷ்போர்டும் பின்விளக்கும் மாறியிருக்கும். அது வந்த பிறகுதான் பழசை மார்க் 1-னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. 1975-ல மார்க் 3: கட்டங்கள் அகலமாச்சு, இண்டிகேட்டர் கிரில்லை விட்டுத் தனி வட்டமா வந்துது. 1979-ல மார்க் 4: சதுர வடிவ விளக்குகள், கூடவே டீசல் இன்ஜினும் வந்துது. 1990-ல நோவா. அப்புறம் இசுசு இன்ஜின், அஞ்சு கியர். பாறையில நிக்கிற "அறுபத்தஞ்சு மாடல்" வண்டிக்கு சதுர இண்டிகேட்டர் இருந்தா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

15/ ஆனா மறுபடியும் எச்சரிக்கை. கிரில், பம்பர், விளக்கு எல்லாம் ஒரு மார்க்ல இருந்து இன்னொரு மார்க்குக்கு மாட்டிடலாம். மார்க் 4-க்கு மார்க் 2 முகம் வச்சா மதிப்பு கூடும். அதனால டேஷ்போர்டு, சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், ஆர்.சி. புக் நாலும் ஒரே கதையைச் சொல்லுதான்னு பாருங்க. நாங்க மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு மூணையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி.

16/ மார்க் 1, 2, 3, 4-னு மேல எழுதின பட்டியலை இன்னொரு தடவை படிங்க. என்ன மாறியிருக்கு? கிரில், விளக்கு, டேஷ்போர்டு தோற்றம், இன்ஜின். மனுஷ நெஞ்சுக்காக மாறின பாகம் ஒண்ணைக் காட்டுங்க பார்ப்போம். அமெரிக்காவுல 1968-ல சட்டம் குத்தின முத்திரைகள் எதுவும் இதுல இல்லை. நம்ம நாட்டுல முன்சீட் பெல்ட் பொருத்துறது கட்டாயமானதே 1994-ல. பின்சீட்டுக்கு 2002.

17/ ஏன்? இன்ஜினியர்களுக்குத் தெரியாமலா இருந்துது? அது லைசென்ஸ் காலம். யார் எத்தனை கார் செய்யணும்னு அரசாங்கம் முடிவு பண்ணும். பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருக்க ஜனங்க தயார். எதைச் செஞ்சாலும் விக்கும்னா எதுக்கு மாத்தணும்? 1983-ல மாருதி வந்த பிறகுதான் போட்டின்னு ஒண்ணு வந்துது. அமெரிக்கக் கம்பெனிகளும் நல்ல மனசுல மாறலை. சட்டம் வந்துதான் மாறினாங்க. நமக்கு அந்தச் சட்டம் கால் நூற்றாண்டு தாமதம்.

18/ தமிழ்நாட்டுக் காரையும் சொல்லிடறேன். சென்னை வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி செஞ்ச ஹெரால்டு. தோற்றத்தை வரைஞ்சவர் இத்தாலிக்காரர் மிச்சலோட்டி. முன்பக்கம் முழுசும் பானெட்டோட சேர்ந்து முன்னாடி மடங்கித் திறக்கும். 1968-ல வந்த மார்க் 3-க்கு நாலு கதவு. நாலு கதவு ஹெரால்டு உலகத்துலயே இங்க மட்டும்தான் செஞ்சாங்க. ஹெரால்டோட பின் ஆக்சிலும் ஊஞ்சல் வகைதான், கார்வேர் மாதிரி. 1972-ல அதே பாடியை ஒட்டி கெசல்னு ஒண்ணு கொண்டுவந்தப்போ, அதை எடுத்துட்டு ஒரே தண்டா இருக்கிற ஆக்சிலைப் போட்டாங்க. ஹெரால்டா கெசலான்னு சந்தேகம் வந்தா, பின்பக்கம் குனிஞ்சு பாருங்க.

19/ கடலோரத்துல பழைய கார் வாங்குறவங்களுக்கு: உப்புக்காத்து பெயின்ட்டுக்கு அடியில வேலை செய்யும். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. அம்பாசடருக்கு அப்படி இல்லை, பாடிதான் பெரும்பாலும் பாரம் தாங்குது. அதனால தரைத்தகடும் கதவுக்குக் கீழ் விளிம்பும் துருப்பிடிச்சா அது எலும்பு முறிவு மாதிரி. விரலால தட்டிப் பாருங்க. தகடு கணீர்னு கேட்கும், பட்டி பூசின இடம் மந்தமா கேட்கும். நாங்க நெஞ்சைத் தட்டிப் பார்க்கிறதும் இதே முறைதான். 1761-ல அதை எழுதிவச்ச ஆவென்ப்ருக்கர் ஒரு சத்திரக்காரர் மகன். ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தம் வச்சும் பார்க்கலாம், கனமா பட்டி இருந்தா ஒட்டாது.

20/ பாகம் ஒரிஜினலா இல்லையான்னு பார்க்கிறது இப்ப சட்ட விஷயமும் கூட. 2021 ஜூலையில மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி போட்டுது. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜின் மூணுலயும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. நம்பர் பிளேட்ல மாநில எழுத்துக்கு அப்புறம் 'வி.ஏ.' வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அந்த வண்டியை தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விடக்கூடாது. 1975-ல பதிவான மார்க் 3 இந்த வரம்பை 2025-ல தொட்டாச்சு.

21/ பழைய கார் வேண்டாம்னு சொல்ல வரலை. அழகுதான். ஊர்வலத்துக்கு எடுக்கிறீங்களா, எடுங்க. பெல்ட் இல்லாத வண்டின்னா மெதுவா போங்க, நாலுவழிச்சாலை வேண்டாம். முன்சீட்ல குழந்தையை மடியில வைக்காதீங்க, மோதுற நேரத்துல எந்தக் கையும் பிடிச்சு நிறுத்தாது. பெல்ட் போட வைக்கிறதா இருந்தா, துருப்பிடிச்ச தரையில நட்டு போட்டு முறுக்கிட்டு வந்துடாதீங்க. தகடு மாத்தி, அடியில பட்டை வச்சு, தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல செய்யுங்க.

22/ உங்க இப்போதைய கார்ல சாதாரணமா தெரியிற மடங்குற ஸ்டியரிங், மெத்தை வச்ச டேஷ்போர்டு, தலைதாங்கி, பெல்ட் இதெல்லாம் யாரோ செத்த பிறகு யாரோ சண்டை போட்டு வாங்கின பாகங்கள். பின்சீட்ல உட்கார்ந்தாலும் அந்த பெல்ட்டை இழுத்து மாட்டிக்கோங்க. வீட்டுல பழைய கார் போட்டோ இருந்தா கிரில் தெரியற மாதிரி கீழ போடுங்க. என்ன மார்க்னு சேர்ந்து கண்டுபிடிப்போம்.